ஓடும் பிக்கப்பில் பின் ஆக்ஸில் கட் ஆனால் என்ன செய்வது? கியரை நம்பி நிறுத்தினால் காத்திருக்கும் ஆபத்து!

நீலகிரியில் இருந்து கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும் பிக்கப் வண்டிகளுக்கு டயர் பஞ்சர் பெரிய விஷயமே இல்லை. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் "ஆக்ஸில் கட் ஆயிடுச்சு" என்றால் கதை வேறு. வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அது சமதளமாக இருந்தால் பணமும் நேரமும்தான் நஷ்டம். இறக்கமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

காரணம், ஆக்ஸில் உடைந்த அந்த நொடியிலேயே இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. வண்டி முதல் கியரில் இருந்தாலும் நியூட்ரலில் இருப்பது போலத்தான். அனுபவம் உள்ள டிரைவர்கள்கூட பதற்றத்தில் மறந்துவிடுவது இதைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் சக்தி கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் உள்ள டிஃபரன்ஷியலுக்கு வருகிறது. அங்கிருந்து இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு இரும்பு ஷாஃப்டுகள் ஹவுசிங்கிற்குள் போகின்றன. இவைதான் ஆக்ஸில் ஷாஃப்ட்.

இரண்டில் ஒன்று உடைந்தால் மற்றொரு சக்கரம் வண்டியை இழுத்துவிடும் என்று தோன்றலாம். அப்படி நடக்காது. சாதாரண டிஃபரன்ஷியல், தடை குறைவாக இருக்கும் பக்கத்தைத்தான் சுற்றும். உடைந்த பக்கத்தில் தடையே இல்லை என்பதால் சுற்று முழுக்க அங்கே வீணாகிறது. நல்ல பக்கம் சும்மா நிற்கும்.

இதனால்தான் பலர் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் அறிகுறி ஒன்றுதான்: இன்ஜின் உறுமும், கியர் விழும், வண்டி நகராது. ஸ்பீடோமீட்டருக்கான இணைப்பு கியர்பாக்ஸில் உள்ள வண்டி என்றால் ஒரு எளிய அடையாளம் உண்டு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே முள் மேலே ஏறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் வரை எல்லாம் சுற்றுகிறது, கோளாறு அதற்குப் பின்னால்தான் என்று அர்த்தம். இதற்காக வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. இன்ஜின் ஓடும்போது போகவும் கூடாது.

சக்கரமே கழன்று ஓடுவது ஏன்?

சில வண்டிகளில் ஆக்ஸில் உடைந்தால் நகராமல் மட்டும் நிற்கும். சில வண்டிகளில் சக்கரம் தனியே கழன்று ரோட்டில் உருண்டு ஓடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஆக்ஸில் வகை.

லாரிகளிலும், கனமான லோடுக்கென்று செய்யப்பட்ட சில பிக்கப்களிலும் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. இதில் வண்டியின் எடையை ஹவுசிங் மீது பேரிங்கில் உட்கார்ந்திருக்கும் ஹப் தாங்குகிறது. ஷாஃப்டுக்கு வேலை சக்கரத்தைச் சுற்றுவது மட்டும். அது இரண்டாக உடைந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே இருக்கும்.

கார்களிலும் சிறிய லோடு வண்டிகள் பலவற்றிலும் செமி ஃப்ளோட்டிங் வகை. இதில் சக்கரம் நேரடியாக ஷாஃப்டின் முனையில் மாட்டப்பட்டிருக்கும். சுற்றுவதும் அதுவே, எடை தாங்குவதும் அதுவே. பேரிங் போய்விட்டாலோ, பேரிங்கிற்கு வெளியே ஷாஃப்ட் உடைந்தாலோ சக்கரம் வெளியே வந்துவிடும்.

சொந்த வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள மெக்கானிக்கிடம் போக வேண்டாம். பின் சக்கரத்தின் நடுவில், வீல் நட்டுகளுக்கு உள்ளே, வெளியே துருத்திய ஹப்பும் அதன் முகப்பில் வட்டமாக போல்ட்டுகளும் தெரிந்தால் பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங். அப்படி எதுவும் இல்லாமல் தட்டையாக இருந்தால் செமி ஃப்ளோட்டிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். லோடு ஏற்றும் ஒவ்வொரு டிரைவரும் இதை ஒருமுறை குனிந்து பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

உடைந்த அந்த நொடியில்...

"டொக்" என்று பெரிய சத்தம், உடனே இன்ஜின் வேகம் கூடுகிறது, வண்டிக்கு இழுவை இல்லை. சமதளத்தில் இது நடந்தால் மிச்சம் உள்ள வேகத்தை வீணாக்காமல் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரத்துக்கு உருள விடுவதே சரி. நடு ரோட்டில் நின்றுவிட்டால் பிறகு தள்ளுவது கஷ்டம்.

மலை இறக்கத்தில் இதே வேலையைச் செய்யக்கூடாது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்த வண்டிக்கு இன்ஜின் பிடிப்பு சட்டென்று போய்விட்டதால் வேகம் ஏறத் தொடங்கும். கியரை மாற்றிப் பார்ப்பதில் செலவிடும் ஒவ்வொரு நொடியும் வேகம் கூடுகிறது. கால் உடனே பிரேக்கிற்குப் போக வேண்டும். லேசாக மிதித்தபடியே அடுத்த வளைவு வரை போகலாம் என்றால் டிரம் சூடேறி பிரேக்கும் பிடிக்காமல் போகும். வேகம் குறைவாக இருக்கும்போதே உறுதியாக மிதித்து, மலைச்சுவர் பக்கம் ஒதுக்கி, முழுசாக நிறுத்திவிட வேண்டும்.

சக்கரம் ஆடுவது போலவோ, வண்டி பின்பக்கம் ஒரு புறம் சாய்வது போலவோ தெரிந்தால் அணுகுமுறை வேறு. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை விட வேண்டும். சடன் பிரேக்கும், திடீர் திருப்பமும் வேண்டாம். சக்கரத்தோடு டிரம்மும் வெளியே வந்துவிட்டால் பிரேக் ஆயில் கொட்டி பெடல் கீழே இறங்கும். அப்போதும் பெடலை மறுபடி மறுபடி மிதித்தால் முன் சக்கர பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் இருப்பது அதற்காகத்தான்.

நின்ற பிறகு முதல் வேலை: கல்

ஹசார்டு லைட் போட வேண்டும், வார்னிங் ட்ரையாங்கிள் வைக்க வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும்.

கியரில் போட்டு இன்ஜினை நிறுத்தினால் வண்டி நிற்கும் என்பது டிரைவர்களுக்குப் பழகிய வழி. ஆக்ஸில் உடைந்த வண்டியில் அது பலிக்காது. ஹேண்ட் பிரேக்கையும் முழுசாக நம்ப முடியாது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காமல் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் அறுந்த நிலையில் அது பிடித்தும் பயனில்லை. பின் டிரம்மில் பிடிக்கும் வகை என்றால், சக்கரம் இடத்தில் இருக்கும்வரை ஓரளவு பரவாயில்லை.

எனவே டிரைவர் கால் பிரேக்கில் இருக்கும்போதே கிளீனர் இறங்கி முன் சக்கரங்களுக்கு இறக்கப் பக்கமாகக் கல்லோ மரக்கட்டையோ வைக்க வேண்டும். தனியாக ஓட்டி வருபவர் முன் சக்கரத்தை மலைச்சுவர் பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டி அசையவில்லை என்பதை உறுதி செய்த பிறகே இறங்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை வைத்திருப்பது பெரிய செலவில்லை.

ட்ரையாங்கிளை வண்டிக்கு நெருக்கமாக வைப்பதில் பயனில்லை. சாதாரண ரோட்டில் குறைந்தது 50 மீட்டர், நான்கு வழிச்சாலையில் 100 மீட்டருக்கு மேல் பின்னால் வைக்கலாம். மலைப்பாதையில் மீட்டர் கணக்கு உதவாது. வளைவு திரும்பும் முன்பே தெரியும்படி மேலேயும் கீழேயும் அடையாளம் வேண்டும்.

இதில் ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரையாங்கிளுக்குப் பதில் கல்லையும் மரக்கிளையையும் வரிசையாக வைத்துவிட்டு, வண்டி கிளம்பியதும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் வரும் பைக்காரருக்கு அந்தக் கல் தெரியாது. சக்கரத்துக்குக் கொடுத்த கல்லையும் சேர்த்து எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைக்கலாம். ரோட்டில் இருந்து வண்டியை அகற்ற உதவி கிடைக்கும். மற்ற சாலைகளில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நின்றால் 112. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

செய்யவே கூடாதவை

கிளட்சை விட்டு விட்டு "ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்று முயற்சிப்பது முதல் தவறு. உடைந்த இரும்புத் துண்டு டிஃபரன்ஷியலுக்குள் சிக்கினால் கிரவுன் பினியனும் சேர்ந்து போகும். ஒரு ஷாஃப்ட் செலவோடு முடிய வேண்டியது பல மடங்காகும்.

லோடோடு ஜாக்கி ஏற்றுவது அடுத்தது. முதலில் லோடை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் ஜாக்கி. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது மேலே ஏறி மூட்டை இறக்குவது, அடியில் ஆள் படுத்திருப்பவரின் உயிரோடு விளையாடுவது. ரோட்டோர மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் கீழே பலகை வேண்டும், ஹவுசிங்கிற்கு அடியில் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றும் சரக்குக்கு இ-வே பில் இருந்தால், அதில் புது வண்டி நம்பரை மாற்றிவிட வேண்டும். காய்கறிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்து, டோச்சன். கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸில் உடைந்திருந்தால் இழுக்கும் வழியிலேயே சக்கரம் வெளியே வரலாம். பின்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டியோ, முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் பிளாட் வண்டியோதான் சரி. ஃபுல் ஃப்ளோட்டிங் என்றால் மெக்கானிக் ஷாஃப்டைக் கழற்றி ஹப் வாயை மூடிவிட்டு சமதளத்தில் மெதுவாக இழுக்கலாம். இறக்கத்தில் எந்த வண்டியையும் கயிற்றில் இழுக்கக்கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஷாஃப்ட் ஏன் உடைந்தது என்பதை உடைந்த முகமே காட்டிக்கொடுக்கும். அதில் ஒரு பகுதி வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போலக் கோடுகளோடு இருந்தால், விரிசல் பல நாட்களாக வளர்ந்து வந்திருக்கிறது. அன்றைய பள்ளம் ஒரு சாக்கு மட்டும்தான். முகம் முழுக்கச் சொரசொரப்பாக, புதிதாக உடைந்தது போல இருந்தால் ஒரே அடியில் வந்த அதிக சுமையாக இருக்கலாம். ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கிக்கொண்டிருந்தால் தாங்க முடியாத முறுக்கு விசை கொடுக்கப்பட்டிருக்கிறது. வாரண்டி பேசும்போதும் இந்தத் துண்டு தேவைப்படும்.

புது ஷாஃப்ட் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. ஹவுசிங் லேசாக வளைந்திருந்தால் புதுசும் சில மாதங்களில் உடையும். பேரிங், ஆயில் சீல், பட்டையின் சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட் உடைந்தால் ஷாஃப்ட் நன்றாக இருந்தாலும் ஆக்ஸில் முழுசாகவே ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி கோணலாக ஓடும். ஹவுசிங்கில் பழைய ஆயிலை முழுக்க வடித்து இரும்புத் தூள் இல்லாமல் கழுவ வேண்டும். பிரேக் ஷூவில் ஆயில் பட்டிருந்தால் துடைத்துப் போடுவதை ஏற்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆக்ஸில் ஷாஃப்ட் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதமே போய்விடும். அடுத்த முறை எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். பின்னால் இருந்து வரும் "ஊ..." என்ற சத்தம் வளைவில் திரும்பும்போது கூடுவதோ குறைவதோ பேரிங் தேய்வதன் அடையாளம். பின் டயரின் உள்பக்கம் ஆயில் கசிந்து தூசி படிந்திருப்பது சீல் போனதைக் காட்டும். கிளட்ச் விடும்போது "கடக்" என்ற சத்தம், ஒரு பக்க டிரம் மட்டும் அதிகச் சூடு, இவையும் கவனிக்க வேண்டியவை.

ஆனால் மூல காரணம் பல நேரம் லோடுதான். ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையில் இருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். டிரைவரும் ஆட்களும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தி. மூட்டைகளைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் அடுக்கினால் மொத்த எடை சரியாக இருந்தாலும் ஆக்ஸில் கூடுதலாகச் சுமக்கும். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். ஏற்றச் சொல்பவர் வியாபாரி, மாட்டிக்கொள்பவர் டிரைவர் என்பதுதான் நடைமுறை.

இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் பாலிசியைப் படிப்பது நல்லது. சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பாலிசியில் தேய்மானம், இயந்திரக் கோளாறு, ஓவர்லோடால் வரும் சேதம் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. ஆக்ஸில் உடைந்ததால் வண்டி கவிழ்ந்து ஏற்பட்ட விபத்துச் சேதத்தைத் தனியாகக் கோரலாம். அதற்கு வண்டியை நகர்த்தும் முன்பே போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.