ரவுட்டிங்

லத்தீனில் 'ருப்தா வியா' என்றால் உடைத்துத் திறந்த பாதை. அதில் 'வியா' உதிர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'ரூட்'. அதன் வழி வந்ததே ரவுட்டிங். ஜாவாஸ்கிரிப்ட் செயலியில், முகவரியைப் பார்த்து எந்தத் திரையைக் காட்டுவது என்று பிரவுசரில் ஓடும் நிரலே முடிவு செய்வதற்கு இந்தப் பெயர். முன்பு ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதியை வைத்தே இதைச் செய்தார்கள். அந்தப் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. ஹெச்டிஎம்எல்5 தந்த 'புஷ்ஸ்டேட்', பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே, முகவரியில் தளத்தின் பெயருக்குப் பின்னால் வரும் பகுதி முழுவதையும் மாற்றுகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் '/புத்தகம்/12' என்ற முகவரியில் இருப்பவர் ரீஃப்ரெஷ் செய்தால், கோரிக்கை நேராக சர்வருக்குப் போகும்; அங்கே அப்படியொரு கோப்பு கிடையாது, 404தான் வரும். ஆகவே, கோப்பில்லாத பக்க முகவரிகளுக்கெல்லாம் செயலியின் முதல் ஹெச்டிஎம்எல் கோப்பையே அனுப்பும்படி சர்வரை அமைத்துவிடுங்கள்.