கண்மாய்க் கரையில் ஒரு சீருடை

விருதுநகர் மாவட்டம் நரிக்குடி வட்டாரத்தில் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போகும் பெண்களுக்குச் சட்டம் எந்த உடையையும் விதிக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு ஓர் உடை உண்டு. சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மண்சட்டி தூக்கச் சும்மாடு. கை முழுவதும் மூடியிருப்பதால் வெயிலும் சீமைக்கருவேல முள்ளும் தோலை அதிகம் பதம் பார்ப்பதில்லை. தேவையே தைத்துக் கொடுத்த சீருடை இது.

அரசே தைத்துக் கொடுத்த சீருடைக்கு ஜெர்மனி ஒரு பாடம். வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியிருந்த 1931-இல் சான்சலர் பிரூனிங்கின் அரசு அங்கே தன்னார்வத் தொழிற்பணியைத் தொடங்கியது. ஹிட்லர் ஆட்சியில், 1935 ஜூன் 26-ஆம் நாள் சட்டம் அதை இளைஞர்களுக்கு ஆறு மாதக் கட்டாயப் பணியாக்கியது. சதுப்பு நிலம் திருத்தவும் வடிகால் வெட்டவும் இறங்கியவர்களுக்கு வெளிர்நிற டிரில் துணியில் வேலையுடை. அணிவகுப்புக்கோ மண்நிற மேலங்கி, இடக்கையில் ஸ்வஸ்திகா பட்டை, மண்வாரித் தகடு பொறித்த சின்னம். கட்டாயச் சட்டம் வருமுன்பே, 1934-இல் நூரம்பெர்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டில் இப்பணியாளர்கள் மண்வாரியைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து நின்றார்கள். போர் மூண்டதும் அந்த அணிகள் பல, ராணுவத்துக்குச் சாலையும் பாலமும் போடப் போயின. உழைப்பாளிக்குக் கொடுத்த உடை, அவனைச் சிப்பாயாக்கும் முதல் படியாக இருந்தது.

சுதந்திர இந்தியா வேறு வழி பார்த்தது. காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு அடையாளம் கொனாரக் சக்கரம் பொறித்த சின்னம்தான். ராணுவ மிடுக்குள்ள உடுப்பு அல்ல. 2008 ஏப்ரல் 1 முதல் விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்த, நூறு நாள் வேலைக்கு வழிசெய்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. உடுப்பைப் பற்றி அது பேசவில்லை.

மிடுக்கு வேண்டாம் என்றது சரி. பாதுகாப்பையும் சேர்த்து விட்டுவிட்டதுதான் குறை. சட்டை கையைக் காக்கிறது. காலுக்கு ரப்பர் செருப்புதான். கருவேல முள் அதைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். முழுக்கைச் சட்டையும் தடித்த அடியுள்ள காலணியும் வேலைத்தள வசதிகளின் பட்டியலில் சேர வேண்டும். நிறத்தையும் தையலையும் வேலை செய்கிறவர்களே முடிவு செய்யட்டும். தறி ஓடும் அருப்புக்கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.