கயிற்றில் தொங்கி வெட்டிய பாதை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், குவீன்ஸ்டவுன் ஊருக்குப் பக்கத்து மலையில் ஸ்கிப்பர்ஸ் பாதை போகிறது. அதில் வண்டி ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று வாடகைக் கார் கம்பெனிகள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. ஒரு வண்டி போகிற அகலந்தான். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருத்தர் ஒதுங்க இடம் கிடைக்கிற வரைக்கும் பின்னாலேயே ஓட்டிப் போகணும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். கீழே ஷாட்ஓவர் ஆறு. இதைச் சாகசம் என்கிறார்கள். சாகசத்துக்காக யாரும் இதை வெட்டவில்லை.

1862இல் அந்த ஆற்றில் தங்கம் கிடைத்தது. ரனியேரா எரிஹானா, ஹகராயா ஹயெரோவா என்ற இரண்டு மாவோரிகள், வெள்ளம் அடித்துப்போன நாயைத் தேடிப் போய்ப் பாறை இடுக்கில் பொன்துகளைக் கண்டார்கள். பொழுது சாய்வதற்குள் சுமார் 300 அவுன்ஸ் அள்ளினார்களாம். அந்த இடத்துக்கு 'மாவோரி பாயிண்ட்' என்று பேர். ஆர்தர் என்ற வெள்ளைக்காரர் தங்கம் கண்ட இடமோ 'ஆர்தர்ஸ் பாயிண்ட்'. அவருக்குச் சொந்தப் பேர், இவர்களுக்கு இனத்தின் பேர். நம்மூர்த் தெருப் பேர்களோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் குதிரைத்தடம் மட்டுந்தான். கனத்த யந்திரம் ஏற்ற வழியில்லை. 1883இல் தொடங்கி 1890 வரை பாதை போட்டார்கள். பின்சர்ஸ் பிளஃப் என்ற செங்குத்துப் பாறையில் கூலியாட்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தரத்தில் தொங்கியபடியே கையால் துளை போட்டு வெடிமருந்து திணித்தார்கள். ஆற்றுக்கு மேலே 90 மீட்டர் உயரத்தில் தொங்குபாலம் 1901இல் திறக்கப்பட்டது. அதற்குள் தங்கம் வற்றத் தொடங்கிவிட்டது.

வெள்ளையர் கிளறிவிட்டுப் போன மண்ணை மறுபடி அலசுவதற்கு ஒடாகோ வியாபாரிகள் சீனர்களை வரவழைத்தார்கள். 1866 முதல் வந்தார்கள். கூப்பிட்டவர்கள் நாட்டிலேயே 1881இல் சீனருக்கு மட்டும் தலைவரி, 10 பவுண்டு. 1896இல் அது 100 பவுண்டு. 1898இல் வந்த முதியோர் பென்ஷனும் சீனருக்குக் கிடையாது. தலைவரி ஒழிந்தது 1944இல், அரசு மன்னிப்புக் கேட்டது 2002இல்.

செத்தவர்களையாவது சொந்த மண்ணில் புதைக்கலாம் என்று 499 சீனரின் எச்சங்களை ஏற்றிப் போன வென்ட்னர் கப்பல், 1902இல் வடக்குத் தீவுக்கு அருகே மூழ்கியது. கரை ஒதுங்கிய எலும்புகளைத் தங்கள் முன்னோர் எடுத்து அடக்கம் செய்ததாக அந்தக் கடற்கரை மாவோரிகள் இன்றும் சொல்கிறார்கள்.