அவுரியின் பேரப்பிள்ளை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், ஒரு வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்து செருகியிருப்பதைக் கண்டால் உள்ளே அம்மை வார்த்திருக்கிறது என்று அறிந்து அயலார் படியேறாமலே திரும்பிவிடுவார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கோ, மாரியம்மனிடம் வைத்த பிரார்த்தனையையும் வேப்பிலையால் வருடிவிடும் தாயின் கையையும் தவிர வேறு சிகிச்சை இருந்ததில்லை. அம்மை குத்திக்கொள்வது வருமுன் காக்கும் உபாயம். வந்த நோயைத் தீர்க்கும் ஔஷதம் எந்தத் தேசத்து வைத்தியரிடமும் கிடையாது. பாக்டீரியா நோய்கள் பலவற்றின் உக்கிரத்தைத் தணித்த பெனிசிலின்கூட வைரஸின் முன் பயனற்றுப் போயிற்று.

காரணம் எளிது. பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்தும் உயிர். அதற்கென்று சுவர் உண்டு, அடுப்பு உண்டு. அந்தச் சுவரைக் கட்டவொட்டாமல் தடுத்தாலே அது மடிகிறது. வைரஸோ நம் உயிரணுவினுள் புகுந்து, நம் அடுப்பிலேயே, நம் விறகைக் கொண்டே தன் சமையலை முடித்துக்கொள்கிற ஜாதி. அடுப்பை அணைத்தால் வீட்டாரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

இந்தச் சங்கடத்தினின்று விடுபட முதலில் வழி காட்டியது, விந்தையாக, சாயத் தொழில். சாயங்களை ஆராய்ந்து ஸல்ஃபா மருந்துகளைக் கண்ட ஜெர்மானியர் கெர்ஹார்ட் டோமாக், பின்னர் க்ஷயரோகத்தின் மீது ஏவிய தயோசெமிகார்பசோன் என்னும் ரசாயன வர்க்கத்தை, 1950-இல் அமெரிக்காவில் டோரதி ஹாம்ரே முதலியோர் அம்மைப்பால் வைரஸின் மீது பிரயோகித்து, கோழிக்கருவிலும் சுண்டெலியிலும் பலன் கண்டார்கள். (மனிதருக்குச் சளி உண்டாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றைப் பின்னாளில் பிரித்தெடுத்தவரும் இதே அம்மையார்தான்.) இங்கிலாந்தில் வெல்கம் ஆய்வுக்கூடத்து பாயர் என்பவர் அந்த வர்க்கத்தை ஐசாட்டின் என்ற பொருளோடு இணைத்துச் செய்ததே மெத்திசசோன், கடைப்பெயர் மார்போரான். ஐசாட்டின், 1840 அளவில் நீலச் சாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. தென்னார்க்காட்டு வயல்களில் ஒருகாலத்தில் அவுரி பயிரிட்டுக் கப்பலேற்றிய நாம், இந்த மருந்துக்குத் தூரத்து உறவு கொண்டாடினால் தவறில்லை.

உறவு அதோடு நிற்கவில்லை. அம்மருந்தை மனிதரிடம் பெரிய அளவில் சோதிக்கத் தகுந்த இடமாக அவர்கள் தேர்ந்தது, பெரியம்மை ஆண்டுதோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த சென்னைப் பட்டணம். பாயரும், லிவர்பூல் பேராசிரியர் ஆலன் டௌனியும், கொலராடோவின் ஹென்றி கெம்ப்பும், செயிண்ட் வின்சென்ட் என்பவரும் சேர்ந்து, நோயாளியுடன் ஒரே வீட்டில் புழங்கியவர்களைத் தேடி மாத்திரை கொடுத்து, 1963-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து உண்ட 1,101 பேரில் மூவருக்கு மட்டும், அதுவும் இலேசாக, நோய் கண்டது. உண்ணாத 1,126 பேரில் 78 பேருக்குக் கண்டு, 12 பேர் இறந்தார்கள். வைரஸ் நோயை மாத்திரையால் தடுக்கலாம் என்று உலகம் முதன்முதலில் நம்பத் துணிந்தது இந்த எண்களைப் பார்த்துத்தான். உண்டவர்களில் பலருக்கு வாந்தி வந்தது என்பது அப்போது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அதே மருந்து அடினோவைரஸையும் ஆய்வுக்கூடத்தில் அடக்குகிறது என்று 1966-இல் தெரிந்தபோது, ஒரு மருந்து பல வைரஸ்களை வெல்லும் என்ற ஆசையும் துளிர்த்தது.

ஆனால் எண்கள் நிலைக்கவில்லை. சென்னையிலேயே பெரியம்மையை ஆயுட்காலப் படிப்பாகக் கொண்ட டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் முதலியோர் செய்த பிற்காலச் சோதனையும், மேற்குப் பாகிஸ்தானில் நடந்து 1971-இல் வெளியான சோதனையும், முதல் சோதனையின் பலனை மெய்ப்பிக்கவில்லை. முதலில் கண்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத சோதனையில் ஆசைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே என் அபிப்பிராயம். இதற்கிடையில் அம்மை குத்துபவர்கள் நோய் கண்ட வீட்டைச் சுற்றிலும் தேடித் தேடி ஊசி போட்டு, 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோயை முடித்துவைத்தார்கள்.

அகல வீச்சுள்ள மருந்தைப் பற்றிய ஆசை மட்டும் முடியவில்லை. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்ட இண்டர்ஃபெரான், எல்லா வைரஸுக்கும் எதிரி என்று வரவேற்கப்பட்டு, கடைசியில் ஈரல் அழற்சி முதலிய சில நோய்களோடு நின்றது. பற்பல வைரஸ்களை ஒடுக்கும் என்று 1972-இல் அறிவிக்கப்பட்ட ரிபாவிரின், ரத்தசோகையை உண்டாக்குவதோடு, லாஸா காய்ச்சலுக்கும் மற்றுஞ் சிலவற்றுக்குமே உதவிற்று. ஜப்பானின் ஃபாவிபிராவிருக்கு 2014-இல் அனுமதி கிடைத்தது, கருவிலுள்ள சிசுவைச் சிதைக்கும் என்ற அச்சத்தால் கடுமையான கட்டுப்பாடுகளோடு. இவற்றிலெல்லாம் துணிச்சலானது, அமெரிக்காவில் டாட் ரைடர் 2011-இல் வெளியிட்ட டிராக்கோ: அந்நியன் சமைப்பது தெரிந்தவுடன் அந்த உயிரணுவைத் தானே மாளச் செய்யும் உபாயம். 15 வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் வென்ற அது, சுண்டெலியைத் தாண்டி மனிதரை எட்டவில்லை; பணமுடை ஒரு காரணம்.

பரந்த வாக்குறுதியோடு புறப்பட்டவை குறுகிய வேலைக்கு வந்து அமர்ந்ததைத்தான் மேலே கண்டோம். குறுகிய வேலைக்கென்றே பிறந்த ஒன்றும் உண்டு: அம்மை வர்க்கத்து வைரஸ்களுக்கு மட்டுமான டெக்கோவிரிமாட். 2018-இல் அதற்குப் பெரியம்மை மருந்தாக அமெரிக்கா அனுமதி அளித்தபோது, பலனைப் பார்க்க உலகத்தில் ஒரு நோயாளியும் இல்லை. குரங்குகளிடமும் முயல்களிடமும்தான் சோதித்தார்கள்.