குடிபோதை வாகன வழக்கில் மேல்முறையீடு (இந்தியா)

மது அருந்தி வாகனம் ஓட்டியதாக நீதித்துறை நடுவர் தண்டித்தால், அதை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறை பிடிபட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது ஒப்புதலில்தான். ‘ஃபைன் கட்டினால் முடிந்தது’ என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 416-ஆம் பிரிவுப்படி, தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ மட்டுமே கேள்வி கேட்க முடியும். குற்றவாளி என்ற முடிவைத் தொட முடியாது. அபராதத்தோடு லைசென்ஸும் குறைந்தது ஆறு மாதம் போகும் என்பது அவருக்குப் பிறகுதான் உறைக்கும். அந்தத் தகுதியிழப்பு ஆணையை மாற்றவோ நீக்கவோ, தீர்ப்பின்மீது மேல்முறையீடே இல்லாத நிலையிலும், மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதிகம் பேர் அறியாத வழி இது.

கெடு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெற ஆகும் நாள்கள் அதில் சேராது. கெடு தவறினால், தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுக்குமாறு தனி மனு போட வேண்டும். சிறைத் தண்டனை என்றால், மேல்முறையீடு முடியும்வரை அதை நிறுத்திவைத்துப் பிணையில் விடவும் கோரலாம்.

வாதம் பெரும்பாலும் ஊதுகருவி தந்த சீட்டைச் சுற்றியே நடக்கும். குற்றமே ஓர் எண்ணில் நிற்பதால், 30-ஐச் சற்றே தாண்டிய அளவீட்டில் கருவி முறையாகச் சரிபார்க்கப்பட்டதா, சீட்டு இவருடையதுதானா என்ற கேள்விகளுக்குக் கனம் கூடும். வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்துப் போதை என்று முடிவுகட்ட முடியாது என 1971-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதனால் மட்டும் வழக்கு விழுந்துவிடாது.

தண்டிக்கப்பட்டவர் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. அங்கும் தோற்றால், இரண்டாவது மேல்முறையீடு கிடையாது. 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு தாக்கல் செய்யலாம். அங்கே சாட்சியங்களை முதலிலிருந்து அலசுவது வழக்கமில்லை. சட்டப் பிழையோ வெளிப்படையான தவறோ இருக்கிறதா என்றே பார்ப்பார்கள்.