ஒரு பணம் அபராதம், மூணு நாள் காவல்

போன மாசம் வேம்பாருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் ஒரு படிவத்தை நீட்டினான். மத்திய அரசு வேலை. 'உங்கள் மீது எப்போதாவது வழக்கு, தண்டனை உண்டா?' என்ற வரியில் பேனா நின்றிருந்தது. மூணு வருஷத்துக்கு முன் திருவிழா ராத்திரியில் குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டதற்குக் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டியவன். "கட்டியாச்சே மாமா, அதோட முடிஞ்சுதுல்லா?" என்றான்.

எனக்குச் சவேரியாரின் கடிதம்தான் ஞாபகம் வந்தது. வேம்பார் முத்துக்குளித்துறையின் வடபகுதி ஊர். இதே கடற்கரையிலிருந்து 1544-ல் சவேரியார் தன் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில், சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு பணம் அபராதம், மூன்று நாள் காவல் என்று உத்தரவு இருக்கிறது. பணம் என்பது அன்று ஒரு சிறு நாணயம். புன்னைக்காயலில் இனி யாராவது குடித்தால் பட்டங்கட்டிகளும் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்.

இதை 1860 இந்திய தண்டனைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். 510-வது பிரிவு: குடிப்பது மட்டும் குற்றமில்லை; போதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு தந்தால்தான் குற்றம். அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, அல்லது 10 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சவேரியாரின் 72 மணி நேரம் 24 ஆகிவிட்டது. அந்தப் பத்து ரூபாய் 2024 ஜூலை 1 வரை மாறவேயில்லை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-வது பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரை. சமூக சேவையும் தண்டனையாக உண்டு.

தண்டனை இவ்வளவு சின்னது. ஆனால் பதிவு? அன்று ஊர்தான் பதிவேடு. தலைமுறை மாறினால் மறந்துவிடும். இன்று போலீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. டேட்டாபேஸ் தானாக மறக்காது. என் தொழிலே அது, அதனால் சொல்கிறேன். ஒத்துக்கொண்டு பத்து ரூபாய் கட்டினாலும் சட்டத்தின் கணக்கில் அது 'தண்டிக்கப்பட்டவர்' என்பதுதான்.

அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. படிவத்தில் உண்மை சொல்ல வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கென்றால், மறைத்திருந்தாலும் வேலை தருபவர் மன்னிக்கலாம். மன்னித்தே ஆகவேண்டும் என்றில்லை. உண்மையைச் சொன்னவரையும் பரிசீலிக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனாலும் குற்றத்தைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிப்போன கதைகள்தான் அதிகம்.

இன்னொன்றும் சொன்னேன். 1958-ன் நன்னடத்தைச் சட்டம் 3-வது பிரிவில், முதல்முறை சிறு குற்றத்துக்குத் தண்டனை தராமல் கண்டித்து அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-வது பிரிவு. 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிரு, வீட்டுக்குப் போயிரலாம்' என்று யாராவது சொன்னால், கட்டுவதற்கு முன் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

"அன்னைக்கு யாரும் சொல்லலையே மாமா" என்றான். எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

'ஆம்' என்று எழுதி, வழக்கு எண்ணையும் தேதியையும் சேர்த்தான். முடிவு இன்னும் வரவில்லை.