வணிக விளக்கக் கூட்டங்களில் வரைபடங்கள்

வணிக வரைபடம் என்பது, முடிவெடுக்க வேண்டியவர் முன்னால் எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் புள்ளியாகவும் வைக்கும் முறை. வங்கியில் கடன் கேட்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், இயக்குநர் குழுவுக்குக் கணக்குக் காட்டும் ஆலை மேலாளர், ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்துக்குக் கிளம்பும் துறை அலுவலர் என்று எல்லாரும் இன்று கையில் ஒரு பிபிடியோடுதான் போகிறார்கள். அதில் பாதிக்குமேல் வரைபடம். எந்த இரண்டை ஒப்பிட வேண்டும் என்பது பார்ப்பவருக்கு உடனே புரிந்துவிட்டால் அது நல்ல வரைபடம். புரியவில்லை என்றால், எத்தனை வண்ணம் பூசினாலும் அது சுவரில் விழுந்த படம், அவ்வளவே.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் ரஞ்சன்குடியைச் சுற்றியுள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து எடுத்தவை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிக் கோட்டையோடு நிற்கும் ரஞ்சன்குடியில் இருந்து பார்த்தால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மானாவாரிக் காடு. பெரம்பலூரைத் தாண்டினால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். சிறிய பரப்புக்குள் இத்தனை வகைத் தொழில் இருப்பதால் எல்லா வகை வரைபடத்துக்கும் இங்கே வேலை உண்டு. மாவட்ட எல்லை பலமுறை மாறியிருப்பதால் எண்களை வைத்துத் தவறு செய்யவும் இங்கே நிறைய இடம் உண்டு.

தோற்றம்

ரஞ்சன்குடிக் கோட்டை கர்நாடகப் போர்களில் அடிபட்ட இடம். 1751-இல் வாலிகண்டபுரம் போர் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது. அதற்கு 35 ஆண்டுகள் கழித்து, 1786-இல், ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் லண்டனில் ஒரு வணிக, அரசியல் அட்லஸை வெளியிட்டார். நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோட்டு வரைபடங்களாகத் தந்த அந்த நூலிலிருந்தே வணிக வரைபடத்தின் வரலாறு தொடங்குகிறது. இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியப் பகுதிகளுக்கும் இடையிலான வணிகமும் அதில் ஒரு படம். கோட்டைகளுக்காக நடந்த சண்டைகளின் பின்னால் இருந்த பணம் அங்கே இரண்டு கோடுகளாக ஓடுகிறது.

அந்த ஒரு படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு கோடு இறக்குமதி, மற்றொன்று ஏற்றுமதி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் வணிகச் சமநிலை. இரண்டு கோடும் சேர்ந்தாற்போல் ஏறுகின்றன. இடைவெளி பெரிதாக மாறாதது போலவே தோன்றுகிறது. சுமார் 200 ஆண்டுகள் கழித்து, 1984-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் இதே படத்தை எடுத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் தனிக் கோடாக வரைந்து பார்த்தார்கள். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தக் கோடு கூர்மையாக ஏறி இறங்கியது. மூலப் படத்தில் அது யார் கண்ணுக்கும் படாது. சரிவாக ஏறும் இரு கோடுகளுக்கு நடுவே நம் கண் செங்குத்தாக அளப்பதில்லை. எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தத் தூரத்தையே அளக்கிறது. காரணம் அதுதான்.

வரவு ஒரு கோடு, செலவு ஒரு கோடு என்று போட்டு “லாபம் கூடுகிறது பாருங்கள்” என்று சொல்லும் ஸ்லைடுகளை எல்லாக் கூட்டத்திலும் பார்க்கிறோம். சொல்ல வந்தது லாபம் என்றால் லாபத்தையே வரைய வேண்டும். கழித்தல் கணக்கைப் பார்ப்பவர் கண்ணிடம் விடக் கூடாது.

பட்டை வரைபடமும் பிளேஃபேருடையதே. ஸ்காட்லாந்தின் வணிகத்துக்கு அவரிடம் ஓர் ஆண்டுக் கணக்கு மட்டுமே இருந்தது. கோடு இழுக்கத் தொடர் ஆண்டுகள் இல்லை. எனவே நாட்டுக்கொரு பட்டையாகப் போட்டார். வட்ட விளக்கப்படம் 1801-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலில் வந்தது.

கண் அளக்கும் வரிசை

எந்த வடிவத்தில் கொடுத்தால் கண் சரியாக அளக்கும் என்று கிளீவ்லண்டும் மெக்கில்லும் சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் வைத்த புள்ளியின் இடத்தைக் கண் மிகச் சரியாகப் படிக்கிறது. அடுத்தது நீளம். அதற்கும் கீழே கோணம், பிறகு பரப்பு, கன அளவு, நிறத்தின் அடர்த்தி என்று துல்லியம் குறைந்துகொண்டே போகிறது. வரைபட வகையைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில் பெரும்பாலானவை இந்த வரிசையிலிருந்து கிடைப்பவைதான்.

வட்ட விளக்கப்படத்தைச் சோதிக்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு வீதம் போதும். பெரம்பலூர் 74.32 விழுக்காடு. இதை மட்டும் ஒரு வட்டத்தில் போட்டால், கிட்டத்தட்ட முக்கால் வட்டம் என்று சிறு பிள்ளையும் சொல்லும், நல்ல படம். பக்கத்தில் அரியலூரின் 71.34 விழுக்காட்டை இன்னொரு வட்டமாக வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ்நாட்டின் 80.09 விழுக்காட்டையும் மூன்றாவது வட்டமாகச் சேர்த்தால் குழப்பம் இன்னும் கூடும். அதே மூன்று எண்களையும் கிடைமட்டப் பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் எது முன்னே, எது பின்னே என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு முழுமையின் இரண்டு மூன்று பங்குகளைக் காட்ட வட்டம் போதும். இரண்டு முழுமைகளை ஒப்பிடுவதற்கு அது சரிவராது.

முப்பரிமாணப் பட்டைகளுக்கும் வட்டங்களுக்கும் எந்தக் காரணமும் கிடையாது. முன்னால் நிற்பது பெரிதாகவும் பின்னால் நிற்பது சிறிதாகவும் தெரியும். பட்டையின் தலை எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எக்செல்லில் அந்த வசதி இருக்கிறது என்பதற்காகப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு அளவுகளுக்கு உறவு உண்டா என்று பார்க்கச் சிதறல் வரைபடம். கடை விலையில் விவசாயிக்கு எவ்வளவு, ஏற்றுக்கூலி, கமிஷன், கழிவு எவ்வளவு என்று படிப்படியாகக் காட்ட, பட்டைகள் ஒன்றின் தலையிலிருந்து மற்றொன்று தொடங்கும் வாட்டர்ஃபால் வரைபடம். மூன்று நான்கு எண்கள் மட்டும் இருந்தால் அட்டவணையே போதும்.

பட்டையின் அடி

பட்டை வரைபடத்தில் அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பட்டை சொல்வது நீளத்தை. அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும். இதற்கும் இந்த மாவட்டங்களிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 996 பெண்கள், பெரம்பலூரில் 1,003, அரியலூரில் 1,015. அச்சை 990-இலிருந்து தொடங்கினால் தமிழ்நாட்டுப் பட்டை 6 அலகு, பெரம்பலூர் 13, அரியலூர் 25. அரியலூர் மாநிலத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். உண்மையான வித்தியாசம் 2 விழுக்காடுகூட இல்லை. மென்பொருள்கள் சில நேரம் தானாகவே இப்படி அடியை வெட்டிக் கொடுத்துவிடும். அச்சைப் பார்க்காமல் கூட்டத்துக்குக் கொண்டு போனால் கேள்வி வரும்.

பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் மூன்று பட்டையும் சமமாக நிற்கும், வித்தியாசமே தெரியாது. அப்போது பட்டையை விட்டுவிட்டுப் புள்ளி வரைபடத்துக்கு மாறலாம். புள்ளி சொல்வது இடத்தை. அதன் அச்சு எங்கிருந்தும் தொடங்கலாம், தொடங்கும் எண்ணைத் தெளிவாக எழுதியிருந்தால் போதும். கோட்டு வரைபடத்துக்கும் இதே சலுகை உண்டு.

இங்கே வடிவத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1,015 என்ற எண்ணை மட்டும் ஸ்லைடில் போட்டால் அரியலூரில் எல்லாம் நலம் என்று அவையோர் எழுந்து போவார்கள். அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகளே அரியலூரில் இருந்தார்கள். பெரம்பலூரில் 913, மாநிலத்தில் 943. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதும், ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போவதும் மொத்த விகிதத்தை உயர்த்தக்கூடியவை. குழந்தைகள் விகிதத்தில் அந்த மறைப்பு இல்லை. இரண்டு விகிதத்தையும் ஒரே அச்சில் புள்ளிகளாக வைத்து, மாவட்டத்துக்கு ஒரு கோட்டால் இணைத்தால், அரியலூரின் கோடுதான் மூன்றிலும் நீளமானது. பெண் குழந்தை நலத் திட்டத்துக்கு நிதி கேட்பவர் காட்ட வேண்டிய படம் அந்த ஒன்றுதான்.

காலக்கோடும் மாவட்ட எல்லையும்

காலத்தோடு மாறும் அளவுக்குக் கோட்டு வரைபடமே சரி. ஆனால் கோடு ஒரே பொருளைத்தான் தொடர்ந்து அளக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது; 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது; 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிந்தது. இதைத் தெரியாமல் “பெரம்பலூர் மாவட்டம்” என்ற தலைப்பில் 2000 முதல் 2015 வரையான உற்பத்தியையோ வரி வசூலையோ கோடாக இழுத்தால், நடுவில் ஒரு மலையும் ஒரு பள்ளத்தாக்கும் வரும். 2007-க்குப் பிறகு பாதிக்குமேல் சரிவு. சிமெண்ட் ஆலைகள் மூடிவிட்டனவோ என்று வெளியூர் முதலீட்டாளர் கேட்பார். ஆலைகள் அங்கேயேதான் இருக்கின்றன. கணக்குப் புத்தகம் மட்டும் மாறிவிட்டது.

இதற்கு வழி இரண்டு. இரு மாவட்டத்தையும் எல்லா ஆண்டுக்கும் கூட்டி ஒரே கோடாகக் காட்டலாம். அல்லது வட்ட அளவிலான கணக்கு கிடைத்தால் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் வட்டங்களை மட்டும் பின்னோக்கிச் சேர்த்துக் கட்டலாம். இரண்டும் முடியாதபோது கோட்டை அந்த இடத்தில் அறுத்துவிட்டு, செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு போட்டு, “மாவட்டம் பிரிந்தது” என்று எழுதிவிட வேண்டும்.

படத்தின் மேலேயே எழுதும் இத்தகைய சிறு குறிப்புகள் பெரும் பலன் தருபவை. மக்காச்சோளத்தை அரிக்கும் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018-இல் கர்நாடகத்தில் காணப்பட்டது. அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் வயல்களையும் தாக்கியது. அந்த ஆண்டு மகசூல் விழுந்திருக்கும் கோட்டின் அருகில் “படைப்புழு” என்ற ஒரு சொல் இருந்தால் வங்கி மேலாளர் அதைத் தற்காலிகப் பாதிப்பாகப் புரிந்துகொள்வார். இல்லையென்றால் நிறுவனத்தின் நிர்வாகத்தைச் சந்தேகிப்பார்.

எந்த ஆண்டு என்பதும் சிக்கல்தான். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலையில். சின்ன வெங்காயம் பட்டத்துக்குப் பட்டம் ஓடுகிறது. அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து விலைக்குக் காத்திருப்பவர்களின் கணக்கை ஏப்ரல்–மார்ச் மொத்தமாகக் காட்டினால் முக்கியமான செய்தி தொலைந்துவிடும். மாதங்களைக் கிடை அச்சில் வைத்து, ஒவ்வோர் ஆண்டின் விலையையும் தனித்தனிக் கோடாக ஒன்றன்மேல் ஒன்று போட்டு, நடப்பு ஆண்டை மட்டும் அழுத்தமான நிறத்திலும் மற்றவற்றைச் சாம்பலிலும் காட்டுவது நல்லது. பட்டறையில் எத்தனை மாதம் வைத்திருந்தால் விலை ஏறும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இருக்கும்.

மழையளவை இடப்பக்க அச்சிலும் வெங்காய விலையை வலப்பக்க அச்சிலும் வைத்து ஒரே படத்தில் போடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு அச்சின் அளவுகோலும் வரைபவர் கையில் இருப்பதால், எந்த இரண்டு கோட்டையும் விருப்பம்போல் ஒட்டி ஓடச் செய்யலாம். மேலே மழை, கீழே விலை என்று ஒரே கால அச்சில் இரண்டு படமாக வைப்பதே நேர்மை.

தலைப்பு, நிறம், எழுத்து

“மக்காச்சோள வரத்து, ஆண்டுவாரியாக” என்பது கோப்பின் பெயர். வரைபடத்தின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக, கண்டதைச் சொல்வதாக இருக்க வேண்டும்: வரத்து மீண்டுவிட்டதா, இல்லையா? அந்த வாக்கியத்தை எழுத முடியாதவர் இன்னும் எண்களைப் படித்து முடிக்கவில்லை என்று பொருள். வாக்கியம் கிடைத்தபின் எந்த வகை வரைபடம் என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். “விட அதிகம்” வந்தால் பட்டை, “ஏறியது, இறங்கியது” வந்தால் கோடு, “பங்கு” வந்தால் அடுக்குப் பட்டை அல்லது வட்டம்.

பெரும்பாலான கூட்டங்கள் கல்யாண மண்டபத்திலும் ஊராட்சிக் கட்டடத்திலும் பகல் வெளிச்சத்தில் நடக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் மஞ்சளும் இளநீலமும் திரையில் கரைந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் எந்த அவையிலும் இருப்பார்கள். வங்கிக்குக் கொடுக்கும் பிரதி கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகவே போய்ச் சேரும். எனவே அடர்த்தியில் வேறுபடும் இரண்டு நிறம் போதும்; எந்தக் கோடு எது என்பதைத் தனிப் பெட்டியில் போடாமல் கோட்டின் முனையிலேயே எழுதிவிடலாம்.

தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. வேப்பந்தட்டை, உடையார்பாளையம், ஆண்டிமடம் என்று நிற்கும் பட்டைகளுக்கடியில் எழுதினால் மென்பொருள் அவற்றைச் சாய்த்துவிடும்; தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். பட்டைகளைக் கிடைமட்டமாகப் போட்டால் இச்சிக்கல் தீரும். எழுத்துரு ஒருங்குறியாக இருப்பது கட்டாயம். பழைய எழுத்துருவில் தட்டிய ஸ்லைடு வேறு கணினியில் திறக்கும்போது பொருளற்ற எழுத்துகளாகச் சிதறிவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எண்களை லட்சம், கோடி முறையிலேயே பிரிக்க வேண்டும்: பெரம்பலூரின் 2011 மக்கள்தொகை 5,65,223, பேச்சில் 5.65 லட்சம் என்றால் போதும்.

படத்தின் அடியில் தரவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டுக்குரியது என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011-இன் எண்களே வணிகத் திட்டங்களில் நெடுங்காலம் ஓடுகின்றன. ஆண்டு குறிக்காவிட்டால் அவை இன்றைய நிலவரம் போலத் தோன்றும். அடுத்த கணக்கெடுப்புக்கு மத்திய அரசு குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. பெரம்பலூரும் அரியலூரும் இப்போது தனித்தனி மாவட்டங்கள் என்பதால், 2011-ஐயும் 2027-ஐயும் இரண்டு புள்ளிகளாக வைத்து ஒரு கோட்டால் இணைக்கும்போது, இடையில் எல்லை மாறாத வரை கோட்டை அறுக்க வேண்டியிராது.